ஆட்டுக்கு வந்த பரவசம்

எங்கள் ஆட்டுச் சந்தையில் நின்ற பெரிய வேப்பமரம் ஒரு ஆனி மாதக் காற்றில் வேரோடு சாய்ந்தது. மரத்தடியில் கட்டியிருந்த ஆடுகள் அத்தனையும் கிளைகளுக்கு நடுவே ஒரு கீறல் இல்லாமல் பிழைத்துக்கொண்டன. எதற்கு வம்பு என்று தள்ளிக் கட்டியிருந்த என் கிடா ஒன்று மட்டும் சத்தத்தில் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, லாரியில் மோதிச் செத்தது. அதற்கு மறு வருஷம்தான் நான் மலேசியா போனேன். வருஷம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எண்பதுக்குப் பிறகு, எண்பத்தைந்துக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுகிறீர்கள், அதனால் எழுத்துப் பிழை எதுவும் என் கணக்கில் வராது.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பாப்பாத்தி பதினேழு வயதில் கல்யாணமாகிக் கப்பலேறியவள். கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் புருஷனோடு இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், வசந்தி. எனக்கு ஒரே மகன், கருப்பையா. அத்தை மகளைக் கட்டுகிற உரிமை அவனுக்கு இருக்கிறது. "வந்து பேசி முடிச்சுட்டுப் போடா" என்று அக்கா கடுதாசி போட்டிருந்தாள். கூடவே வசந்தியின் போட்டோ. அந்தப் போட்டோ வந்த நாளிலிருந்து என் மகன் சந்தையில் கிடாவைப் பெட்டை என்றும் பெட்டையைக் கிடா என்றும் சொல்லி விற்க ஆரம்பித்தான். என் வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லி, வீட்டுக்கு வெள்ளையும் அடித்துவிட்டாள். வெறுங்கையோடு திரும்ப முடியாது என்பது எனக்குத் தெரியும்.

தாப்பாவிலிருந்து மலையேறும் டாக்ஸியில் ஐந்து பேர் இருந்தோம். ஓட்டியவர் பெயர் லிங்கம், நம் ஆள், வாயில் எப்போதும் ஒரு பல் குச்சி. எனக்குப் பக்கத்தில் மடியில் பழக்கூடையோடு ஒரு மலாய்க்கார அம்மா. ரோடு என்றால் அப்படி ஒரு வளைவு. ஒரு திருப்பத்தில் எங்கள் வண்டியின் பின்பக்கத்தை நானே பார்த்தேனோ என்று இன்றைக்கும் சந்தேகம். பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். காலையில் தின்ற ரொட்டி சானாய் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. மலாய்க்கார அம்மா ஏதோ சொன்னார். லிங்கம் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"மொத தடவ வர்றவங்க எல்லாரும் மலைக்குக் காணிக்கை குடுப்பாங்களாம். நீங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்களாம்."

அந்த அம்மா ஒரு ஆரஞ்சை உரித்து, தோலை என் மூக்கருகே பிடிக்கச் சொன்னார். பழத்தை அவரே தின்றார்.

"இன்னும் கொஞ்சந்தான் மாமா. மேல ஏறிட்டா பாருங்க, ஒரே பரவசந்தான் லா" என்றார் லிங்கம்.

சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யாருக்கு?"

"எல்லாருக்குந்தான்."

"எல்லாருக்குமா? ஒரே நேரத்துலயா? அப்ப புடிச்சுக்க ஆளு?"

லிங்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் பயந்ததில் தப்பில்லை. எங்கள் முசிறிப் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சும்மா வாயில் எடுக்கமாட்டார்கள். கோயிலில் உடுக்கை அடிக்கும்போது ஒரு ஆளுக்குக் கண் சொருகி, உடம்பு நடுங்கி, தான் யார் என்பதே மறந்துபோகும் பாருங்கள், அதற்குத்தான் பரவசம் என்று பேர். உடனே இரண்டு பேர் ஓடிப் போய் இடுப்பைப் பிடிப்பார்கள், ஒருவர் எலுமிச்சம்பழம் தேடுவார். கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து, பரவசமாக இருக்கிறான் என்று சொன்னால் அவன் தாயார் சண்டைக்கு வந்துவிடுவார். சந்தோஷம் வேறு, பரவசம் வேறு. சந்தோஷம் நம் கையில் இருக்கும். பரவசத்தில் நாம் அதன் கையில் இருப்போம்.

"ஐயோ மாமா, குளிரு, பூவு, பனி, பாக்க ஜாலியா இருக்கும்னு சொல்ல வந்தேன்" என்றார் லிங்கம். இவ்வளவு பெரிய சொல்லை எடுத்து இவ்வளவு சின்ன வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். நின்றது நின்றபடி ரேடியேட்டர் கொதித்து, பக்கத்து ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது. வாளியைப் பிடித்த கை எனக்குச் சாயங்காலம் வரை மரத்துக் கிடந்தது.

மறுநாள் காலையில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் மலை, மலையெல்லாம் பச்சை. எங்கள் ஊரில் ஒரு கட்டு தழைக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். இங்கே பத்து மைல் பச்சை, ஒரு ஆடு இல்லை.

"ஏக்கா, தேயிலைய ஆடு தின்னுமா?"

"வந்து ஒரு நா ஆகல, அதுக்குள்ள தோட்டத்த மேய்க்கப் பாக்குறியா? தொரைக்குத் தெரிஞ்சா உன்னையக் கட்டிப் போட்டுருவாரு. இந்தச் சட்டையப் போடு மொதல்ல" என்று மச்சானின் கம்பளிச் சட்டையை என் தலை வழியாக இறக்கினாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள், அதே அதட்டல். முட்டைக்கோசை அங்கே கோபிஸ் என்கிறார்கள். காலையில் கோபிஸ் பொரியல், மத்தியானம் கோபிஸ் குழம்பு, நடுவில் நெத்திலிச் சம்பல் வந்து என்னைக் காப்பாற்றியது.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "நேத்து கொழுந்து எடுக்குற மேட்டுல பக்கத்து நெரைக்காரி பரவசமாயிட்டா. நாலு பேரு தூக்கிட்டு வந்தோம்."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "எந்தச் சாமி வந்துச்சு?"

"சாமியா? வெறும் வயிறுடா. காலைல ஒண்ணும் திங்காம மேட்டுல ஏறுனா தலை சுத்தாதா?"

அங்கே மயங்கி விழுந்தாலும் பரவசம்தான். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மயங்கியவளுக்கும் தன் உடம்பு தன்னுடையது இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நான் யோசிக்கவே இடமில்லாமல் போயிற்று. மச்சான் பெருமாள் வாசல் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு, யாருமில்லாத திசைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரொம்பவும் பேசாத மனிதர். உடம்புக்கு என்ன என்று நான் கேட்க, அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவரு பரவசத்துல இருக்காரு, விடு. சம்சு எறங்குனா சரியாயிடும்."

சம்சு என்பது சாராயம்.

மூன்றாம் நாள் பிரிஞ்சாங் போனேன். சந்தை என்றால் எனக்குக் கால் நிற்காது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் காசிம் பாய் என்று ராமநாதபுரத்துப் பக்கத்து மனிதர். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கை நீளத்துக்குத் தேத்தண்ணியை இழுத்து ஊற்றினார். எங்கள் ஊர் டீக்கடையில் பாதி உயரம்கூட ஆற்றமாட்டார்கள். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைப் பார்த்து அவர் இன்னும் உயர்த்தினார். பேச்சோடு பேச்சாக, இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் பரவசம் என்கிறார்களே என்று கேட்டேன்.

"நாங்களும்தான் சொல்லுவோம் அண்ணே. எங்க வாப்பா நாகூர்ல பாட்டு கேக்க உக்காருவாரு. பாதிப் பாட்டுல கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டும். மொகம் சிரிச்சுக்கிட்டே இருக்கும். நான் சின்னப் புள்ள, யாரோ அடிச்சுட்டாங்கன்னு அழுவேன். உம்மா சொல்லும், அவுக பரவசத்துல இருக்காக, பேசாம இருன்னு." டீயை என் முன்னால் வைத்தார். "கடைல இருக்குற எனக்கு அதெல்லாம் எங்க? மொத டீ நல்லா நொரை வந்தா, அன்னிக்கு அதுதான்."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நான் இன்னொரு டீ சொன்னேன்.

வசந்தியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாளும் அவள் விடியும்போதே லோரி பிடித்து வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேலை தேயிலையில் இல்லை, லெம்பா பெர்த்தாமில் ஒரு தமிழரின் காய்கறித் தோட்டத்தில். நாலாம் நாள், "மாமா, எங்க தோட்டத்தப் பாக்க வாங்க" என்று கூப்பிட்டாள். பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று நானும் கிளம்பினேன்.

தோட்டத்துக்குள் ஒரு பழைய ஜீப்பு நின்றது. கூரை கிடையாது, ஒரு பக்கத்து விளக்கும் கிடையாது. "ஏறுங்க" என்றாள். ஏறினேன். அவள் அந்தப் பக்கம் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

இறங்கப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை.

"பயப்படாதீங்க மாமா. தோட்டத்துக்குள்ள ஓட்ட லைசன்ஸ் வேணாம். அடுத்த மாசம் டெஸ்ட்டு இருக்கு. பாஸ் பண்ணிட்டா, ஈப்போ மார்க்கெட்டு வரைக்கும் லோரிய என்கிட்ட தர்றேன்னு தோட்டக்காரர் சொல்லிருக்காரு."

பாதை சேறு. சக்கரம் ஒரு பக்கம் போனது, வண்டி ஒரு பக்கம் போனது, வசந்தி இரண்டையும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். செங்குத்தான ஒரு மேட்டில் ஏறி நின்றதும் எஞ்சினை அணைத்தாள். கீழே வரிசை வரிசையாகக் கோபிஸ். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"மொத நாளு தனியா இந்த மேட்டுல லோடோட ஏறுனேன் மாமா. பாதில நின்னுச்சுன்னா பின்னாடி உருண்டு ஆத்துக்குத்தான் போவணும். நிக்கல. மேல வந்து பிரேக்கு போட்டதும் கை காலெல்லாம் ஆடுது. சிரிப்பு வருது, அழுகையும் வருது. எறங்கி எஞ்சின் மூடி மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன், சூடா இருந்துச்சு. அந்த மாதிரி எனக்கு எதுலயும் இருந்ததில்ல. அதுக்கு என்ன பேரு?"

"எங்க ஊர்ல அதுக்குப் பரவசம்னு பேரு. ஆனா அது சாமி வந்தாத்தான்."

"சாமியெல்லாம் நான் பாக்கல மாமா. பின்னாடி கோபிஸுதான் இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊருக்கு வந்தா அங்க என்னைய ஓட்ட விடுவீங்களா?"

எங்கள் ஊரில் பெண்கள் ஓட்டுவது ஆடும் மாடும்தான். நான் கோபிஸைப் பார்த்தேன்.

"அவரு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவர நான் பாத்ததே இல்லியே. ஆனா எனக்கு வர இஷ்டமில்ல மாமா."

"ஆத்தாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வெள்ளிக்கெழம முனிகிட்ட கேட்டுருவோம், அவரு சொல்றதுதான்னாங்க."

எனக்கு மூச்சு வந்தது. "அப்பறம் என்னம்மா? சாமிக்குப் புடிக்கலேன்னா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

"மாமா, எங்க முனி இதுவரைக்கும் யாருக்கும் எதுக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்கு அது விளங்கவில்லை. நல்ல சாமி போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

முனி யார் என்று சொல்கிறேன். மச்சானின் அப்பா எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில் பிடிமண் எடுத்துக் கப்பலில் கொண்டுபோய், லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் வைத்துக் கும்பிட்ட சாமி. ஆகவே இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுதான். பெரிய காரியம் எதுவானாலும் கேட்கிற முறையும் ஒன்றுதான். கிடாவுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தி, கேள்வியைச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சும்மா நின்றால் இல்லை. சூடம் எரிந்து அணையும்வரை பார்ப்பார்கள். எங்கள் ஊரில் சில சமயம் ஆடு நின்றுகொண்டே இருக்கும், கேட்டவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நிச்சயமான சம்பந்தம் எத்தனையோ அதில் நின்று போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனி விலகாத ஓடைக்கரையில் லயத்து ஜனம் பாதி கூடியிருந்தது. பூசாரி அங்கப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவர். மார்பில் துண்டுகூட இல்லாமல் நின்றார், அந்தக் குளிர் அவரிடம் வேகவில்லை. தாய்மாமன் என்பதால் செம்பு என் கையில். கிடாவைப் பார்த்தேன். நான் எதைப் பார்க்காவிட்டாலும் ஆட்டைப் பார்ப்பேன். கறுப்பு, இரண்டு பல் போட்ட வயது, மயிர் குட்டையாக, பளபளவென்று. கீழே தாப்பா பக்கத்திலிருந்து முந்தின நாள் லோரியில் ஏற்றி வந்த ஆடு. வெயிலில் வளர்ந்தது.

பூசாரி சூடம் ஏற்றினார். அக்கா கையைக் கூப்பிக் கேள்வியைச் சொல்ல வாயைத் திறந்தாள். என் கையில் செம்பு லேசாகச் சாய்ந்து இரண்டு சொட்டு ஆட்டின் மேல் விழுந்தது.

ஆடு சிலுப்பியது. அப்படிச் சிலுப்பியதை நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லை. காதிலிருந்து வால்வரை நாலு தடவை உதறிய உதறலில் செம்பு தளும்பி, என் வேட்டியெல்லாம் மஞ்சள்.

பெண்கள் குலவை போட்டார்கள். "ஆட்டுக்குப் பரவசம் வந்துருச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். பூசாரி எல்லோரையும் பெருமையாகப் பார்த்தார். "எங்க முனி ரொம்ப வேகம்ங்க. கேக்குறதுக்கு முன்னாடியே உத்தரவு குடுத்துடுவாரு. முப்பது வருசமா இப்படித்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாளியைப் பிடித்து மரத்துப் போன என் கைக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் பனிக்கட்டி. எந்த ஆடு உதறாது? முப்பது வருஷமாக இந்த மலையில் நடந்த கல்யாணம், வாங்கிய வண்டி, ஊரை விட்டுப் போனது, வந்தது எல்லாம் ஓடைத் தண்ணீர் கொடுத்த உத்தரவு.

எனக்குத் தெரிந்ததை அந்த நிமிஷம் நான் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. காரியம் முடிந்தது, வீட்டுக்கு அடித்த வெள்ளை வீண் போகவில்லை என்று நினைத்தேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பேச வாய் வராமல் என் தலையைத் தடவினாள். அவளுக்கு வந்தது அசல் பரவசம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினேழு வயதில் விட்டு வந்த வீட்டுக்குத் தன் மகளை அனுப்புகிறாள்.

"இங்க பாருங்கடி, வசந்திக்கும் பரவசம்" என்றாள் இன்னொருத்தி.

திரும்பிப் பார்த்தேன். வசந்தி கும்பிட்டபடி நின்றாள். கூப்பிய கை நடுங்கியது, தாடை நடுங்கியது. பக்கத்தில் ஆடும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஆயிரக்கணக்கில் ஆடு பிடித்தவன். பசியில் நடுங்குகிற ஆடு, காய்ச்சலில் நடுங்குகிற ஆடு, லாரியில் ஏற்றும்போது நடுங்குகிற ஆடு எல்லாம் தொடாமலே எனக்குத் தெரியும். அந்தப் பெண் லாரியில் ஏற்றுகிற ஆடாக நின்றாள். அதற்கும் அந்த ஊரில் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"இது செல்லாது" என்று என் வாய் சொல்லிவிட்டது.

குலவை நின்றது. "என்னடா சொல்ற?" என்றாள் அக்கா.

"கேள்வி இன்னும் கேக்கவே இல்லியேக்கா. எதுக்கு உத்தரவுன்னு சாமிக்கு எப்படித் தெரியும்? தண்ணி ஐஸு மாதிரி இருக்கு. ஆடு குளிருல ஒதறுது."

பூசாரிக்கு முகம் சிவந்தது. "எங்க சாமி உத்தரவ வெறும் குளிருன்னு சொல்றீங்களா? ஊருலேர்ந்து வந்தா என்ன வேணா பேசுறதா?"

"ஊரு மொறைதான் பேசுறேன். வெந்நீர் போட்டு, கேள்வி கேட்டு, மறுபடி ஊத்துவோம்."

"சாமிக்கு வெந்நீரா? அடுத்தது தேத்தண்ணி கேப்பீங்க போல."

"சாமிக்கு இல்லிங்க, ஆட்டுக்கு."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், முடிஞ்ச காரியத்தக் கெடுக்காதடா. பொண்ணு கேட்டு வந்தவன் நீயாடா நானாடா?" கூட்டத்தில் சத்தம் ஏறியது. அப்போது, நான் வந்த நாளிலிருந்து பத்து வார்த்தை பேசாத பெருமாள் மச்சான் முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் எந்தப் பரவசத்திலும் இல்லை.

"வெந்நீ வைங்க. முனிக்குச் சம்மதம்னா வெந்நீக்கும் சம்மதிப்பாரு" என்றார்.

லயத்திலிருந்து ஒரு கெட்டிலில் வெந்நீர் வந்தது. பூசாரியே விரலை விட்டுச் சூடு பார்த்துச் செம்பில் கலந்தார். கெட்டியான புதுச் சூடம் வைத்தார். அக்கா இந்தத் தடவை கேள்வியை மூச்சு விடாமல் சொன்னாள், ஆடு முந்திக்கொள்ளக் கூடாது என்று.

நான் இடது கையால் ஆட்டின் தலையை அணைத்துக்கொண்டு, வலது கையால் தண்ணீரை ஊற்றினேன். கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக, மெதுவாக, ஒரே நூலாக. ஆடு கண்ணை மூடிக்கொண்டது. அந்த மலைக்கு வந்ததிலிருந்து அதற்குக் கிடைத்த முதல் சூடு. செம்பு தீர்ந்தது. சூடம் எரிந்தது. ஆடு கண்ணைத் திறந்து, பூசாரி கழுத்தில் தொங்கிய சாமந்தி மாலையின் ஒரு முனையைக் கடித்து இழுத்து நிதானமாக மென்றது. யாரும் தடுக்கவில்லை. சூடம் அணைந்தது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக முனி மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு கிழவி மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தபோதே எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். பூசாரி அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அவருக்குச் சாமி மேல் பக்தி கூடிவிட்டது. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த சாமி!

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபிஸை மட்டும் வேளை தவறாமல் வைத்தாள். மூன்றாம் நாள் அவளே சொன்னாள், "சாமியே சொன்னதுக்கு அப்பறம் நீ என்னடா பண்ணுவ பாவம்" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் கோபிஸ் கேட்டு வாங்கித் தின்றேன்.

நான் கிளம்புகிற அன்று வசந்தி என் பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரை வந்தாள். பையை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு ஒங்க கை ஏன் ஆட்டுக் காதுலயே இருந்துச்சு?"

"குளிருமேன்னு பொத்துனேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "லைசன்ஸ் வாங்குனதும் போட்டோ எடுத்து அனுப்புறேன் மாமா" என்றாள். அனுப்பவும் செய்தாள். லோரியின் கதவில் கையை ஊன்றி நிற்கிற போட்டோ. அதை நான் யாருக்கும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எந்த ஆட்டு வியாபாரிக்கும் தெரிந்த சங்கதி இது. காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் செத்த ஆடும் சிலுப்பும். காதைப் பொத்திக்கொண்டு இளஞ்சூட்டில் முதுகோடு ஊற்றினால், அது எத்தனை சாமி முன்னால் நின்றாலும் அசையாது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள், மச்சானும் போய்விட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. என் மகனுக்குப் பக்கத்து ஊரிலேயே நல்ல பெண் அமைந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனால் நான் வந்து சேதி சொன்ன நாளிலிருந்து அவன் முனியப்பன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. "அந்த மலைல எல்லாருக்கும் குடுத்த சாமி, எனக்குன்னு கேட்டப்ப மட்டும் இல்லேன்னுச்சு" என்பான். ஆடித் திருவிழாவில் மொத்தக் குடும்பமும் உள்ளே போகும், அவன் வெளியே செருப்புகளுக்குக் காவலாக நிற்பான். நாற்பது வருஷம் ஆகப் போகிறது. எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போயிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்ததும், ஆட்டுக்குத் தீனி போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நீங்கள் இதை எழுதி முடித்ததும் நேரே அவனிடம் போங்கள். சனிக்கிழமை சந்தையில்தான் இருப்பான். முனியப்பன் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை, சொன்னது உன் அப்பன் கை என்று சொல்லுங்கள். கோபத்தையெல்லாம் என் மேல் போட்டுவிட்டு, இந்த ஆடியிலாவது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். அவன் கையில் தழை பறிக்கிற தொரட்டி இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்றே சொல்லுங்கள்.